வேடம் யாருக்கு?



ஆண்டு விழா என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது எது? பரிசளிப்பா? சிறப்பு விருந்தினரின் உரையா? அல்லது விழா முடிந்ததும் கையில் கிடைக்கும் லட்டும் மிக்சருமா? எங்களைக் கேட்டால் நாடகம்தான் என்போம். இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். முதல் இரண்டையும் வகுப்பறையில் அமர்ந்தபடியே கற்றுவிடலாம். மூன்றாவதற்கோ எழுந்து நிற்க வேண்டும்; நாலு பேர் பார்க்க நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. நம்மை யாராவது தேர்ந்தெடுக்க வேண்டும்!

மேடையில் நடக்கும் நாடகம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. "வேடம் யாருக்கு?" என்னும் நாடகமோ இரண்டு வாரம் நடக்கிறது. அதிலும் அழுகை உண்டு, சிரிப்பு உண்டு, சதி ஆலோசனை உண்டு, எதிர்பாராத முடிவும் உண்டு. பார்வையாளர் மட்டும்தான் இல்லை. அந்த நாடகத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். நாங்கள் என்றால் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் நாற்பத்திரண்டு பேர். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும், எழுதியதை மதிய இடைவேளைகளில் எல்லாரும் கேட்டுத் திருத்தம் சொன்ன பிறகே ஆசிரியர் குழுவிடம் கொடுத்தோம்.

பள்ளி நாடகங்களுக்கு எங்கும் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. சிவந்த நிறமும் உயரமும் இருந்தால் அரசி அல்லது தேவதை. கறுத்த நிறம் என்றால் வேடன், அரக்கி, காவலாளி. சற்றுப் பருமன் என்றால் மந்திரி. ஒல்லி என்றால் பிச்சைக்காரக் கிழவி. குரல் எப்படி, பொருள் உணர்ந்து பேசுகிறாளா என்பதெல்லாம் பிறகுதான். இதை யாரும் தீய எண்ணத்துடன் செய்வதில்லை. விழாவுக்கு நாள் குறைவு. பாடமும் நடத்த வேண்டும். கண்ணில் முதலில் படுவதை நோக்கிக் கை நீண்டுவிடுகிறது. ஆனால் மழலையர் வகுப்பில் தேவதையாக நின்றவள் ஒவ்வோர் ஆண்டும் தேவதையாகவே நிற்கிறாள். மரமாக நின்றவள் மரமாகவே நிற்கிறாள். "மரமாவது ஆண்டுக்கு ஆண்டு வளரும், என் வேடம் வளரவே இல்லை" என்றாள் எங்களுள் ஒருத்தி. சிரித்தோம், ஆனால் அவள் சிரிக்கவில்லை.

இவ்வாண்டு எங்கள் தமிழாசிரியை அவர்கள் தேர்ந்தெடுத்த நாடகம் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்'. 1596, 1597-ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுதப்பட்டு, 1600-இல் முதன்முதலாக அச்சான நாடகம் அது. தமிழுக்கும் அது புதிதன்று. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் அதை 'வாணிபுர வணிகன்' என்று தமிழில் தந்திருக்கிறார். எங்களுக்காகப் பேழைக் காட்சியையும் நீதிமன்றக் காட்சியையும் மட்டும் எடுத்து, எளிய வசனத்தில் எழுதித் தந்தார்கள் ஆசிரியை. பேசும் வேடங்கள் பத்து. பேசாத வேடங்கள் ஆறு. ஆக, நாற்பத்திரண்டு பேரில் பதினாறு பேருக்கே இடம். கணக்குப் பாடத்தில் பின்தங்கியவர்களுக்குக்கூட அந்தக் கழித்தல் உடனே விளங்கிவிட்டது.

கதையை அறியாத தங்கையருக்காகச் சிறிது சொல்கிறோம். போர்ஷியா என்னும் செல்வச் சீமாட்டியை மணக்க விரும்புவோர் பொன், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொராக்கோ இளவரசன் பொன்னைத் திறக்கிறான், உள்ளே மண்டையோடு. அரகன் இளவரசன் வெள்ளியைத் திறக்கிறான். உள்ளே அசடன் ஒருவனின் படம். மங்கலான ஈயப் பேழையைத் திறந்த பசானியோவுக்கே போர்ஷியாவின் படம் கிடைக்கிறது. வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறாதே என்பதுதான் அந்தக் காட்சியின் பாடம். "அந்தக் காட்சியை நடிப்பதற்கு வெளித்தோற்றத்தைப் பார்த்து ஆள் எடுத்தால், நாமே பொன் பேழையைத் திறந்தவர்கள் ஆவோம்" என்றார்கள் ஆசிரியை. வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவியது.

பிறகு அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பல, 1970-களிலும் 1980-களிலும், புதிய இசைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவே திரை ஒன்றைக் கட்டினவாம். வாசிப்பவர் ஆணா பெண்ணா, யாருடைய மாணவர் என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. காதுக்கு எட்டும் இசை மட்டுமே தெரிய வேண்டும். நடக்கும் காலடி ஓசையைக் கொண்டு பெண் என்று கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகத் தரையில் கம்பளமும் விரித்தார்களாம். அந்தக் குழுக்களில் பெண்களின் எண்ணிக்கையும் பிறகு உயர்ந்தது. "நாமும் ஒரு திரை கட்டினால் என்ன?" என்று கேட்டார்கள் ஆசிரியை.

கட்டினோம். தையல் அறையிலிருந்த நீலத் துணி இரண்டை இணைத்து, பழைய அரங்கின் நடுவே கொடி கட்டித் தொங்கவிட்டோம். எங்கள் குரலை அறிந்த ஆசிரியைகள் நடுவராக இருந்தால் திரை இருந்தும் பயனில்லை அல்லவா? ஆகவே தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் இருவரும், அந்த ஜூன் மாதத்தில்தான் நூலகப் பொறுப்பேற்ற அருட்சகோதரி ஒருவரும் நடுவர்களாக அமர்ந்தார்கள். பெயருக்குப் பதில் எண். சீட்டுக் குலுக்கி எடுத்தோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். கொலுசு போட்டிருந்தவர்கள் அதையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள்.

விரும்பிய வேடத்தின் வசனத்தை மட்டும் படிக்க இயலாது. எல்லாரும் இரண்டு பகுதிகளைப் படிக்க வேண்டும்: இரக்கத்தைப் பற்றி நீதிமன்றத்தில் போர்ஷியா பேசும் பேச்சு ஒன்று, யூதனும் மனிதனே என்று ஷைலாக் குமுறும் பேச்சு மற்றொன்று. ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதற்குப் பத்து மதிப்பெண். பொருள் விளங்கும்படி படிக்கிறாளா என்பதற்குப் பத்து. இதில் தேறிய இருபது பேருக்கு மறுநாள் திரையில்லாமல் இரண்டாம் சுற்று. இருவர் இருவராக நடிக்க வேண்டும். எதிரே இருப்பவள் பேசும்போது இவள் கேட்கிறாளா, அல்லது தன் முறைக்காகக் காத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாளா என்பதற்குப் பத்து. பேசுவதற்கு மதிப்பெண் உண்டு என்று அறிவோம். கேட்பதற்கும் உண்டு என்று அன்றுதான் அறிந்தோம்.

திரைக்கு இப்பால் அமர்ந்து எங்கள் குரல்களை நாங்களே கேட்டது வேடிக்கையான அனுபவம். வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்தவளின் குரல் நூல்போல் இழைந்தது. மனப்பாடத்தில் முதல் பரிசு பெறுபவள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். ஒருத்தி "வணக்கம்" என்று தொடங்கி, "நன்றி" என்று முடித்தாள்.

பதினேழாம் எண் வந்தபோது நடுவர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்தினார். அந்தக் குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வரிசைக்கு அப்பால் சன்னல் ஓரம் வரை தெளிவாக வந்தது. இரக்கத்தைப் பற்றிய பேச்சை மேடைப் பேச்சாகப் பேசாமல், விடுதியில் காய்ச்சலில் கிடக்கும் சின்னப் பிள்ளையைக் கஞ்சி குடிக்கச் சொல்லும் குரலில் சொன்னாள். ஷைலாக்கின் பேச்சுக்கு வந்தபோது அதே குரல் கெட்டியாயிற்று.

பதினேழாம் எண் யார் தெரியுமா? ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி. குட்டையானவள், கறுத்தவள், அதிகம் பேசாதவள். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு விழாவிலும் மேடைத் திரையை இழுத்தவள். இரண்டாம் சுற்றிலும் அவளே முதல். போர்ஷியா வேடம் அவளுக்கு வந்தது.

இதுவரை எல்லா நாடகங்களிலும் அரசியாக வந்த தோழிக்கு ஒன்பதாம் எண். அவளுக்குக் கிடைத்தது மொராக்கோ இளவரசன். வகுப்பின் நகைச்சுவைத் திலகத்துக்கு ஷைலாக். "ஷைலாக்கைக் கோமாளியாக்கிவிடாதே. ஊரே காறித் துப்பிய ஒருவன் எப்படிக் கல்லானான் என்று காட்டு" என்று ஆசிரியை சொன்னதும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அன்று முதல் அவள் ஒத்திகையில் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மாலையைப் பற்றி உண்மையாகச் சொல்ல வேண்டும். பெயர் இருந்தவர்கள் துள்ளவில்லை; பெயர் இல்லாதவர்களின் முகம் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். பெயர் இல்லாதவர்கள் குடிநீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கு முகம் கழுவ வேண்டியிருந்தது! "அழாதேடி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள் ஒருத்தி. "அடுத்த வருஷம் நாம் எந்தப் பள்ளியில் இருப்போமோ" என்று இன்னொருத்தி கேட்டபின், ஆறுதல் சொன்னவளும் சேர்ந்து அழுதாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டும் என்று நினைத்தது கிடைக்காவிட்டால் வலிக்கத்தான் செய்யும்.

மறுநாள் தாய்மார் சிலர் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பார்க்க வந்தார்கள். "சிஸ்டர், எங்க பொண்ணு சின்ன வயசிலேருந்து பரதம் கத்துக்கிறா. அவளுக்கு ஒரு வேஷம்கூடக் கிடையாதா?" என்று ஒரு தாய் கேட்டதை அலுவலகத்துக்குச் சுண்ணக்கட்டி வாங்கப் போன எங்கள் வகுப்புத் தலைவி கேட்டாள். சகோதரி அவர்கள் கோபிக்கவில்லை. மதிப்பெண் தாளை எடுத்துக் காட்டினார்கள்; பரதம் அறிந்தவளே பேழைக் காட்சிக்கு நடையும் அசைவும் கற்றுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அன்று மாலை எங்களிடமும் பேசினார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஓபராமர்காவ் என்றோர் ஊர். 1633-இல் கொள்ளை நோயிலிருந்து காக்கும்படி வேண்டிக்கொண்டு, இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பதாக அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் தொடங்கிய நாடகம் இன்றும் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. 2020-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தது. அங்கே பிறந்தவர்களோ, இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்களோதான் நடிக்கலாம். முக்கிய வேடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். முறை வைத்து நடிக்கிறார்கள். பெயர்களை ஊரார் முன்னிலையில் பலகையில் எழுதுகிறார்கள். அங்கும் பழைய சட்டம் ஒன்று இருந்தது. மணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களும் நடிக்கக் கூடாதாம். 1990-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே அது நீங்கியது. "முந்நூறு ஆண்டுப் பழக்கமும் மாறும். ஆனால் யாராவது கேட்க வேண்டும்" என்று சகோதரி அவர்கள் முடித்தார்கள்.

கேட்டோம். "நமக்கும் முக்கிய வேடத்துக்கு இருவர் வேண்டும், சிஸ்டர்!" அனுமதி கிடைத்தது. காலையில் சிறு வகுப்புகளுக்கு ஒரு முறை, மாலையில் பெற்றோருக்கு ஒரு முறை என்று ஆயிற்று. ஐந்து முக்கிய வேடங்களுக்கு ஐந்து புதிய பெயர்கள் பட்டியலில் ஏறின.

ஒத்திகையில் ஒரு சிக்கல் எழுந்தது. மொராக்கோ இளவரசன் வந்தவுடன், தன் தோலின் நிறத்துக்காகத் தன்னை வெறுக்க வேண்டாம் என்று போர்ஷியாவிடம் வேண்டுகிறான். எங்கள் மொராக்கோவோ வெள்ளை வெளேர் என்றிருக்கிறாள், போர்ஷியா கறுப்பு! முதல் ஒத்திகையில் அரங்கமே சிரித்தது. இளவரசனுக்குக் கரி பூசலாம் என்றார்கள் சிலர். வேடங்களை மாற்றிவிடலாம் என்றார்கள் சிலர். அந்த வரியையே வெட்டலாம் என்றார்கள் சிலர். அதைவிடக் கடினமானது பின்னால் இருந்தது. இளவரசன் தோற்றுப் போனதும், அவன் நிறத்தவர் எல்லாரும் இப்படியே தோற்கட்டும் என்ற பொருளில் போர்ஷியா ஒரு சொல் சொல்கிறாள். அத்தனை அறிவுள்ளவள், இரக்கத்தைப் பற்றி அத்தனை அழகாகப் பேசப் போகிறவள் சொல்கிறாள்!

முடிவை எங்களிடமே விட்டார்கள் ஆசிரியை. எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு பதினேழாம் எண் சொன்னாள்: "அதை எடுக்க வேண்டாம், டீச்சர். அந்தச் சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. போர்ஷியாவும் அப்படித்தான்."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒன்பதாம் எண் மட்டும், "எனக்குக் கரி வேண்டாம். அந்த வரியைக் கரி இல்லாமலே புரிய வைக்கிறேன்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இத்தனை வருஷம் நான் நடித்ததே இல்லைடி. அழகாக நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போதுதான் வேலை கொடுத்திருக்கிறார்கள்" என்றாள். அரசி வேடத்துக்கும் ஒரு சிறை உண்டு என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

வேடமும் ஆளும் பொருந்துவது பற்றித் தமிழாசிரியை அவர்கள் கூறியவை பல. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் பொது மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. 1660-இல்தான் அங்கே தொழில்முறை நடிகையர் மேடையேறினர். அதுவரை போர்ஷியாவாக நடித்தவன் ஒரு சிறுவன். அவன் பெண்ணாக வேடமிட்டு, அந்தப் பெண் ஆண் வழக்கறிஞராக வேடமிட வேண்டும்! தமிழ்நாட்டிலும் 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற குழுக்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் எல்லாம் சிறுவர்களே. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாடும் வேடம் கைவிட்டுப் போகும். ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகம் 'ஔவை' சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். 1935-இல் வந்த திரைப்படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஆணுக்குப் பெண்ணும், பெண்ணுக்கு ஆணும், பாட்டிக்கு இளைஞரும் பொருந்தும்போது, நிறமும் உயரமும் மட்டும் எப்படிக் குறுக்கே நிற்க முடியும்?

விழா நாளும் வந்தது. வேடமில்லாதவர்கள் சும்மா இருக்கவில்லை. பிஸ்கட் டின்களுக்கு ஜிகினாக் காகிதம் ஒட்டிப் பொன், வெள்ளிப் பேழைகள் செய்தோம். ஈயப் பேழைக்கு அடுப்புச் சாம்பலும் பசையும் போதுமாயிருந்தன. ஷைலாக்கின் தராசு மளிகைக் கடையிலிருந்து இரவல் வந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க இருவர் நின்றார்கள். மேடையில் யாரும் மறக்காததால் அவர்களுக்குச் சற்று ஏமாற்றம். மேடைத் திரையை இழுக்க ஆள் வேண்டுமே? ஒன்பதாம் எண் தன் காட்சி முடிந்ததும் தலைப்பாகையுடனே ஓடிவந்து இழுத்தாள்.

ஒப்பனை செய்ய வந்த அம்மா பதினேழாம் எண்ணைக் கண்டதும் ரோஸ் பவுடர் டப்பாவைத் திறந்தார். "கதாநாயகி ஆச்சே, கொஞ்சம் வெளுப்பாக்கிடலாம்" என்றார். ஆசிரியை, "கண்ணுக்கு மை மட்டும் போதும், அம்மா" என்றார்கள். மை மட்டும் தீட்டிக்கொண்டு அவள் மேடையேறினாள்.

இளவரசன் வேண்டியபோது முன்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. ஒன்பதாம் எண் அசையவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றாள். பிறகு அதே வரியை இன்னும் மெல்லச் சொன்னாள். போர்ஷியாவின் அந்தச் சொல் வந்தபோது அரங்கில் ஓசையே இல்லை. நீதிமன்றக் காட்சி முடிந்ததும் எழுந்த கைதட்டலைப் பற்றி நாங்கள் எழுதினால் தற்பெருமை ஆகும். பதினேழாம் எண்ணின் தாயார் ஊரிலிருந்து பேருந்து தாமதித்து வந்து, கடைசி வரிசையில் நின்றபடியே பார்த்தார்கள். "முழுக்கக் கேட்டுச்சும்மா, ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு" என்று மகளிடம் சொன்னார்கள். நடுவர்கள் முதலில் பத்து மதிப்பெண் கொடுத்ததும் அதற்குத்தானே!

ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே! அடுத்த ஆண்டு உங்களுள் பலருக்கு வேடம் கிடைக்காது. திரை கட்டினாலும் பத்து வேடம் நாற்பது ஆகாது. ஆனால் நிறத்தாலும் உயரத்தாலும் தோற்பதற்கும், நம்மைவிட நன்றாகப் படித்த ஒருத்தியிடம் தோற்பதற்கும் வேறுபாடு உண்டு. முதல் தோல்விக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு இன்னும் உரக்க, இன்னும் தெளிவாகப் படித்துப் பழகலாம்.

நீலத் துணி துவைத்து மடித்துத் தையல் அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எண் எழுதிய நாற்பத்திரண்டு சீட்டுகளும் ஈயப் பேழைக்குள் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி